ஞ இல்லாத கீபோர்டு

புத்தாண்டையொட்டி வரும் மூன்று அரசர் திருநாள் விடுமுறை முடிந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை, புதுக் கணினிகள் படகில் வந்து இறங்கின. துறையிலிருந்து தள்ளுவண்டியில் கொண்டுவந்தவன் அட்டைப்பெட்டிகளை எங்கள் அலுவலக வாசலில் இறக்கிவிட்டு, "இனிமேலாவது இங்க வரிசை நகருமா?" என்று கேட்டான்.

"பறக்கும்" என்றார் பதிவாளர் ஃபாபியோ.

நானும் நம்பினேன்.

எங்கள் ஊர் காஞோ ஓண்டோவில் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் அந்த ஒரே அறையில்தான் பதிவாகும். மூன்று மேஜைகள். கதவோரம் இருப்பது என்னுடையது. அடையாள அட்டைக்குப் படம் எடுப்பதும் கைரேகை வாங்குவதும் என் வேலை. மின்விசிறிக்கு நேர் கீழே ஃபாபியோ. நடுவில் ஒதீலியா. ஊரில் இருபத்தேழு வயதுக்குக் கீழே இருக்கும் எவரைக் கேட்டாலும், அவர் பெயரை முதன்முதலில் எழுத்தில் போட்டது ஒதீலியாவின் விரல்களாகத்தான் இருக்கும். எல்லோரும் அவரை 'செஞோ' என்றுதான் கூப்பிடுவோம். டீச்சரை, மரியாதைக்குரிய பெண்களை எங்கள் ஆற்றோரத்தில் அப்படித்தான் அழைப்பது.

செஞோ ஒதீலியா அடிக்கும்போது கீபோர்டைப் பார்க்க மாட்டார். எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைத்தான் பார்ப்பார். "எத்தனை மணிக்குப் பொறந்தான்? அம்மா ஜாடையா, அப்பா ஜாடையா? பால் குடிக்கிறானா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார், விரல்கள் தம்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பேச்சு முடியும்போது சான்றிதழும் முடிந்திருக்கும். நான் அப்படியில்லை. இரண்டு விரல்களால், கோழி தானியம் கொத்துவதுபோல, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடிப்பவள்.

புதுக் கீபோர்டுகள் பார்க்க அழகாகத்தான் இருந்தன. பிஸ்கட்டுபோலத் தட்டையான கறுப்புக் கட்டைகள், அழுத்தினால் சத்தமே வராது. ஒதீலியா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து முதல் பெயரை அடித்தார். நின்றார். குனிந்து பார்த்தார். அந்த அலுவலகத்தில் நான் சேர்ந்த ஒன்பது வருடத்தில் அவர் குனிந்து கீபோர்டைப் பார்த்தது அன்றுதான்.

"நேவிஸ், இங்க வா. இதுல ஞ எங்க இருக்கு?"

நானும் தேடினேன். ஃபாபியோவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து தேடினார். ஞ இல்லை. வட அமெரிக்காக்காரர்களுக்குச் செய்தது அது. அவர்களுக்கு அந்த எழுத்து தேவையில்லை. அது இருக்கவேண்டிய இடத்தில், சுண்டுவிரலுக்கு நேர் கீழே, ஓர் அரைப்புள்ளி குந்திக்கொண்டிருந்தது.

ஓர் எழுத்துதானே என்று சொல்லிவிட முடியாது. எங்கள் மொழியில் 'ன'வின் தலைமேல் சின்ன அலை ஒன்று போட்டால் அதுதான் ஞ. அலை போனால் சொல்லே வேறு. ஆஞோ என்றால் ஆண்டு. ஆனோ என்றால் மனிதன் உட்காரும் இடத்தின் நடுவில் இருப்பது. எங்களுக்கு வந்த அதே கணினிகள்தான் ஊராட்சிக்கும் வந்திருந்தன. அங்கிருந்து அந்த வாரம் புறப்பட்ட வாழ்த்துச் சுற்றறிக்கை, ஊர் மக்கள் எல்லோருக்கும் புதிய, வளமான ஆனோ கிடைக்கட்டும் என்று வாழ்த்தியது. மீன் சந்தையில் அதை வாசித்துக் காட்டி ஒரு நாள் முழுக்கச் சிரித்தார்கள்.

எங்கள் மானமும் தப்பவில்லை. எந்த மேஜையில் என்ன வேலை நடக்கும் என்று ஃபாபியோ ஓர் அறிவிப்பு அடித்து ஒட்டினார். 'பிறப்புப் பதிவு: செஞோ ஒதீலியா' என்று வரவேண்டியது 'செனோ ஒதீலியா' என்று வந்திருந்தது. செனோ என்றால் மார்பு. ஒதீலியா எழுந்து போய் அதைக் கிழித்தார்.

"ஃபாபியோ, என் மார்பு பதிவு பண்ணாது. கைதான் பண்ணும். கைக்கு ஒரு வழி பண்ணுங்க."

வரிசையில் நின்றவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒதீலியாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அன்று சாயங்காலம்வரைகூடத் தாங்கவில்லை.

பழைய கணினியில் ஞ வரவில்லை என்றால் ஒரு குறுக்குவழி உண்டு. ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு வலது ஓரத்து எண் கட்டைகளில் மூன்று எண்களைத் தட்டினால் எழுத்து வந்துவிடும். எங்கள் கண்டத்தில் அந்த எண் தெரியாத எழுத்தர் கிடையாது. இந்தக் கீபோர்டிலோ வலது ஓரமே இல்லை. குட்டையாக வெட்டிவிட்டிருந்தார்கள். பழைய கீபோர்டைச் சொருகலாம் என்றால் அதன் முனை உருண்டை. புதுக் கணினியில் இருந்த துளைகள் எல்லாம் தட்டை. தலைநகரத்துத் தொழில்நுட்பப் பிரிவுக்கு ஃபாபியோ ஃபோன் செய்தார். புகார் எண் ஒன்று கொடுத்தார்கள். எட்டு வேலைநாள் பொறுத்திருக்கச் சொன்னார்கள்.

கடைசியில் ஒதீலியா ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய ஆவணம் ஒன்றிலிருந்து ஒற்றை ஞ-வை எடுத்துத் தனிக் கோப்பில் வைத்துக்கொண்டார். தேவைப்படும்போதெல்லாம் அங்கே போய், அதைப் பிரதி எடுத்து, இங்கே வந்து ஒட்டுவார். தெரு முழுவதற்கும் ஒரே அம்மிக்கல் என்பதுபோல ஆயிற்று. நூஞெஸ், முஞோஸ், பெஞா, காஸ்தாஞெதா... எங்கள் ஊர்க் குடும்பப்பெயர்களில் மூன்றில் ஒன்றுக்கு ஞ வேண்டும். அதோடு கேள்விக்குறியும் உயிரெழுத்தின் மேல்கோடும் இடம் மாறிக் கிடந்தன. ஓர் எழுத்தை நம்ப முடியாமல் போனதும் மற்ற எழுத்துகள் மீதும் அவருக்கு நம்பிக்கை போயிற்று. ஒவ்வொரு தட்டலுக்கும் குனிந்தார். கழுத்து பிடித்துக்கொண்டது. பத்து நிமிட வேலை நாற்பது நிமிடம் ஆயிற்று.

வரிசை சும்மா இருக்குமா?

"செஞோ, பேரு அடிக்கிறீங்களா, பூவேலை பண்றீங்களா?"

"நான் வந்து நின்னப்போ இவன் வயித்துல இருந்தான். இப்ப பாருங்க, பல்லு முளைச்சிருச்சு."

முன்பெல்லாம் இதற்குப் பதில் சொல்லாமல் விடமாட்டார். இப்போது தலையை நிமிர்த்தவே இல்லை. ஒரு மதியம், வாழையிலையில் கட்டி வந்த மீனையும் மரவள்ளிக்கிழங்கையும் பிரிக்காமல் வைத்துக்கொண்டு, தன் கைகளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என் கை எனக்கே அந்நியமாப் போச்சு, நேவிஸ். இருபத்தேழு வருஷம் ஒழைச்ச கை. இப்ப ஒரு வார்த்தை அடிக்கணும்னா பயப்படுது."

"கீபோர்டு சரியில்ல, செஞோ. உங்க கைக்கு ஒண்ணுமில்ல."

"வயசாச்சுன்னு ஃபாபியோ நெனைக்கிறார். சொல்லலை, ஆனா நெனைக்கிறார்."

அப்படியெல்லாம் இல்லை என்றேன். எனக்கே நிச்சயமாகத் தெரியாது.

அந்த முதல் வாரத்தின் வியாழக்கிழமை, தெல்ஃபின் பெஞா தன் முதல் குழந்தையைப் பதிவு செய்ய வந்தான். துறைக்கும் சந்தைக்கும் நடுவே மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவன், நல்ல உயரம், சிரிக்கும்போது தலையைத் தாழ்த்திக்கொள்வான். மூன்று நாள் முன்பு எங்கள் சுகாதார நிலையத்தில் பிறந்த பையன். பெயர் எலியேசர். அன்று வரிசை வாசல்படியைத் தாண்டி மாமரம்வரை நின்றது. மின்சாரம் வேறு இரண்டு முறை போய் வந்தது. தெல்ஃபின் சான்றிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எங்கள் மூவருக்கும் ஆளுக்கொரு முட்டை அப்பம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவன் திரும்பி வந்தபோது எனக்கு ஆள் அடையாளமே தெரியவில்லை. தாடி. கசங்கிய சட்டை. வரிசையைத் தாண்டி நேரே ஒதீலியாவின் மேஜைக்கு வந்தான். பின்னாலிருந்து ஒருவர், "ஏய், நாங்கல்லாம் என்ன..." என்று ஆரம்பித்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"செஞோ, புள்ளைக்கு இதயத்துல ஓட்டை. பால் குடிக்கும்போது உதடு நீலமாயிடுது. நகரத்துல பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். அவன் அம்மா யுர்லெய்திஸ் அங்க இருக்கா. திங்கக்கிழமை காலையில ஆபரேஷன்னு சொன்னாங்க. ஆனா காப்பீட்டுக்காரங்க அனுமதி தர மாட்டேங்கிறாங்க."

"ஏன்?"

அவன் சான்றிதழைப் பிரித்து மேஜைமேல் வைத்தான். மடிப்பெல்லாம் வியர்வையில் கறுத்திருந்தது.

"என் அட்டையில பெஞா. இவன் பேர்ல பெனா. அவங்க கணினிக்கு இவன் என் புள்ளையே இல்லையாம். வேற யாரோ குடும்பமாம்."

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். எலியேசர் பெனா. அலை இல்லை. பெனா என்றால் எங்கள் கரையில் வெட்கம், அவமானம் என்று அர்த்தம். பதினோரு நாள் குழந்தைக்கு அதைக் குடும்பப்பெயராகச் சூட்டியிருந்தோம்.

ஒதீலியா தாளைக் கையில் எடுக்கவில்லை. விரலை அந்த எழுத்தின்மேல் வைத்தார்.

"இது என் தப்பு, தெல்ஃபின். ஒட்ட மறந்திருக்கேன். கரண்டு போனப்போ."

தெல்ஃபின் கோபப்பட்டிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "இன்னைக்கு நாலு மணிக்குள்ள திருத்தின தாள் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா, அவங்களே காப்பீட்டுக்காரங்ககிட்ட பேசி முடிச்சிடுவாங்களாம். நாலு தாண்டினா திங்கக்கிழமைதான் ஆபீஸ் திறப்பாங்க. டாக்டர் வேற புள்ளைய எடுத்துக்குவார்" என்று மட்டும் சொன்னான்.

"நாலு மணிக்கா? அரை மணி நேரத்துல குடுக்கிறேன்" என்றார் ஒதீலியா.

எழுத்துப்பிழையைத் திருத்துவதற்குக் கணினியில் தனிப் படிவம் உண்டு. தந்தையின் கையெழுத்து, கைரேகை, பதிவாளர் ஒப்புதல், அவ்வளவுதான். கைரேகையை நான் எடுத்தேன். ஒதீலியா படிவத்தைத் திறந்து, தன் கோப்பிலிருந்த ஞ-வைப் பிரதி எடுத்து ஒட்டினார். திரையில் சிவப்பு எழுத்து வந்தது: 'ஒட்ட அனுமதியில்லை. கையால் அடிக்கவும்.' மறுபடி முயன்றார். மறுபடி சிவப்பு. மோசடி நடக்காமலிருக்க யாரோ நல்ல மனசோடு வைத்த கட்டுப்பாடு அது.

"கையால அடிக்கறதுக்கு எழுத்து எங்கடா இருக்கு?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார் ஒதீலியா.

எனக்கு ஒரு யோசனை வந்தது. சதுக்கத்து மருந்துக்கடையில் நம் மொழிக் கீபோர்டு இருக்கிறது, முனையும் தட்டை. ஓடினேன். மருந்துக்கடைக்காரர் விற்பனையை நிறுத்திவிட்டுக் கழற்றிக் கொடுத்தார். "வரிசையில நிக்கிற தலைவலிக்காரங்கள நான் என்ன சொல்லி அனுப்புறது?" என்றார். "காத்தாட உக்காரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, கீபோர்டைக் கைக்குழந்தைபோல அணைத்துக்கொண்டு திரும்பி ஓடிவந்தேன். பாதி எழுத்துகள் தேய்ந்துபோன அழுக்குக் கீபோர்டு. ஆனால் ஞ மட்டும் பளிச்சென்று இருந்தது, தலையில் அலையோடு.

சொருகினோம். அறை முழுக்க எட்டிப் பார்த்தது. ஒதீலியா ஞ-வை அழுத்தினார்.

திரையில் அரைப்புள்ளி விழுந்தது.

மறுபடி அழுத்தினார். இன்னோர் அரைப்புள்ளி.

தெல்ஃபின் சுவரோரம் போய்ச் சாய்ந்துகொண்டான். மணி ஒன்றரை. மதிய உணவுக்கு அலுவலகத்தை மூடும் நேரம் எப்போதோ தாண்டியிருந்தது, யாரும் எழவில்லை.

"தலைநகரத்துக்குப் போடுங்க" என்றார் ஒதீலியா.

"எட்டு வேலைநாள்னு சொல்லியிருக்காங்க, ஒதீலியா. இன்னும்..."

"ஃபாபியோ, நம்பரப் போட்டு ஃபோனை என்கிட்ட குடுங்க."

அந்தக் குரலை ஃபாபியோவும் கேட்டதில்லை. கொடுத்துவிட்டார். இசை, பிறகு ஒரு பெண்குரல், பிறகு இசை, பிறகு இன்னொரு பிரிவு. ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த இசையைக் கேட்டோம். ஒதீலியா ஃபோனை ஒலிபெருக்கியில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டே முக்காலுக்கு ஓர் ஆண்குரல் வந்தது.

"வில்ஃப்ரிதோ பேசுறேன். புகார் எண் சொல்லுங்க."

"எண்ணை அப்புறம் சொல்றேன், தம்பி. மொதல்ல ஒரு புள்ளையோட பேரச் சொல்றேன், கேளுங்க" என்று ஆரம்பித்து, ஒதீலியா நடந்தது முழுவதையும் சொன்னார். தன் தவற்றையும் மறைக்காமல் சொன்னார். மருந்துக்கடைக் கீபோர்டையும் சொன்னார்.



"அம்மா, எழுத்து கீபோர்டுல இல்ல" என்றார் வில்ஃப்ரிதோ.

"அதான் நானும் பத்து நாளா சொல்றேன்."

"அதில்லம்மா. எந்தக் கீபோர்டுலயும் எழுத்து இல்ல. கட்டைமேல அச்சடிச்சிருக்கிறது சும்மா பெயிண்ட். நீங்க அழுத்துறது எத்தனாவது கட்டைன்னு மட்டும்தான் கணினிக்குத் தெரியும். அந்த இடத்துக்கு எந்த எழுத்துன்னு உள்ளதான் முடிவாகுது. உங்க மெஷின் உள்ள இங்கிலீஷ் வெச்சிருக்கோம். நீங்க எந்தக் கீபோர்டைச் சொருகினாலும் அரைப்புள்ளிதான் வரும்."

"உள்ள நம்ம மொழிய வெக்க முடியாதா?"

"ரெண்டு நிமிஷ வேலை. இங்கிருந்தே மாத்தலாம். ஆனா மாத்தினா கட்டைமேல ஒண்ணு போட்டிருக்கும், திரையில வேற ஒண்ணு வரும். இதுக்கு முன்னாடி வேற ஊர்கள்ல மாத்திக் குடுத்து, பைத்தியம் பிடிக்குதுன்னு சண்டை போட்டாங்க. அதனால மாத்தக் கூடாதுன்னு உத்தரவு."

ஒதீலியா ஃபோனை நோக்கிக் குனிந்தார். "தம்பி, அப்ப பழைய இடத்துலயே, எல்-லுக்குப் பக்கத்துல, சுண்டுவெரலுக்குக் கீழயே ஞ வந்துடுமா?"

"அச்சு அசலா அங்கயேதான். ஆனா மேல அரைப்புள்ளின்னு..."

"மேல என்ன வேணா இருக்கட்டும். என் வெரலுக்குப் படிக்கத் தெரியாது."

யாரோ சிரித்தார்கள். வில்ஃப்ரிதோவும் சிரித்ததுபோல இருந்தது. "பதிவாளர் பொறுப்பேத்துக்கிட்டு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து அனுப்பணும். அப்பதான் நான் தொட முடியும்" என்றார்.

எல்லோரும் ஃபாபியோவைப் பார்த்தோம். ஃபாபியோ நல்லவர்தான், ஆனால் மேலிடத்து உத்தரவு என்றால் நிழலைக்கூட மிதிக்காமல் நடப்பவர். அவர் பேனாவை எடுத்தார். ஒரு வரிக்குப் பதிலாக அரைப்பக்கம் எழுதினார். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, படம் எடுத்து அனுப்பினார். "வேலையப் புடுங்கினா உன் வண்டிக்கு டிரைவரா வந்துடுவேன், தெல்ஃபின்" என்றார். தெல்ஃபின் சிரிக்க முயன்றான்.

திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. ஏதேதோ சாளரங்கள் திறந்து மூடின. "ஆச்சும்மா, அடிச்சுப் பாருங்க" என்றார் வில்ஃப்ரிதோ. மணி மூன்று பத்து.

ஒதீலியா மருந்துக்கடைக் கீபோர்டைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதைச் சொருகச் சொன்னார். "இதோடதான் நான் வாழணும்" என்றார். கைகளை வைத்தார். குனிந்து பார்த்தார். விரல் அந்த அரைப்புள்ளிக் கட்டைக்குமேல் போய் நின்றுவிட்டது. பத்து நாளில் படிந்த பயம். கண் அரைப்புள்ளி என்கிறது, விரல் எப்படி நம்பும்?

"செஞோ" என்றேன், "கீழ பார்க்காதீங்க. தெல்ஃபினைப் பாருங்க."

அவர் நிமிர்ந்தார். தெல்ஃபினை எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"சொல்லு. புள்ளை யாரு ஜாடை?"

அவனுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு, "மூக்கு என் மூக்கு. மத்ததெல்லாம் யுர்லெய்திஸ்" என்றான்.

"தப்பிச்சான். முடி?"

"நெறைய இருக்கு. ஆபரேஷனுக்குக் கொஞ்சம் மழிச்சிருக்காங்க, ஊசி போட."

"அழுவானா?"

"அழுதா மூச்சு வாங்குது. அதனால அழ விடறதில்ல. கையில வெச்சுக்கிட்டே நடந்துக்கிட்டு இருக்கோம், மாத்தி மாத்தி."

அவன் பேசப் பேச ஒதீலியாவின் விரல்கள் ஓட ஆரம்பித்தன. அந்தத் தட்டைக் கட்டைகளில் சத்தமே வராது என்றேன் அல்லவா. அவர் தட்டிய தட்டில் அன்று சத்தம் வந்தது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எலியேசர். இடைவெளி. பெ. அடுத்து, வலது சுண்டுவிரல் ஒரு நூலளவு நகர்ந்தது. ஞா.

"வந்துருச்சு!" என்று கத்தினேன். ஒதீலியா திரும்பிப் பார்க்கவில்லை. தாயின் பெயர், தேதி, இடம் எல்லாம் அடித்து முடித்த பிறகுதான் திரையைப் பார்த்தார். சிவப்பு எழுத்து எதுவும் இல்லை. ஃபாபியோ ஒப்புதல் கொடுத்தார். அச்சு இயந்திரம் தாளைத் துப்பியது. அதை எழுத்து எழுத்தாக மூன்று பேரும் வாய்விட்டுப் படித்தோம். வரிசையில் நின்ற ஒருவர் நான்காவது முறை படித்தார். மூன்று இருபத்தெட்டுக்கு மருத்துவமனைக்கு அனுப்பினோம்.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. தெல்ஃபின் ஃபோனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூன்று ஐம்பதுக்கு யுர்லெய்திஸின் குரல்செய்தி வந்தது. பின்னால் எங்கோ குழந்தைகள் அழும் சத்தம், நடுவில் அவள் குரல்: "ஏத்துக்கிட்டாங்க. கையெழுத்தாயிடுச்சு. திங்கக்கிழமை ஏழு மணிக்கு. நீ சாப்பிட்டியா?"

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் தெல்ஃபின் உடைந்தான். மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். ஒதீலியா அவன் பிடரியில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். வரிசையில் இருந்த மீன்கார அம்மாள் ஒருத்தி, "சாப்பிடலைன்னு சொல்லுடா அவகிட்ட, நாங்க ஊட்டி அனுப்புறோம்னு சொல்லு" என்றாள். அப்போதுதான் எங்களுக்கும் பசி தெரிந்தது. ஆறிப்போன மீனையும் கிழங்கையும் பங்கிட்டு, யாரோ கொண்டுவந்த புளித்த பாலாடையை ஊற்றிச் சாப்பிட்டோம். பதிவு அலுவலகத்துக்குள் சாப்பிடக் கூடாது என்று எழுதி ஒட்டியிருந்த பலகைக்கு அடியிலேயே உட்கார்ந்து ஃபாபியோவும் சாப்பிட்டார். அப்புறம் தெல்ஃபின் கடைசிப் படகைப் பிடித்தான்.

திங்கட்கிழமை யாரும் சரியாக வேலை செய்யவில்லை. ஐந்து மணி நேரம் ஆகும் என்றிருந்தார்கள். ஆறு மணி நேரம் ஆயிற்று. ஒன்றேகால் மணிக்கு ஒரு படம் வந்தது. குழாய்களுக்கு நடுவே சின்ன முகம், கண் மூடியிருந்தது. ஒதீலியா படத்தைப் பெரிதாக்கி உதடுகளைப் பார்த்தார். என்னிடம் காட்டினார். ஃபாபியோவிடம் காட்டினார். ரோஜா நிறம். கீபோர்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, மேஜைமேல் இரண்டு கைகளையும் மல்லாத்திப் போட்டபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் "அடுத்த ஆள்" என்றார்.

எங்கள் பாடுதான் திண்டாட்டமாயிற்று. வில்ஃப்ரிதோ எச்சரித்தது சரிதான். பார்த்து அடிக்கிற எனக்கும் ஃபாபியோவுக்கும் ஒவ்வொரு கட்டையும் பொய் சொல்லியது. கேள்விக்குறி என்று போட்ட கட்டையில் வேறேதோ வந்தது. கடைசியில் என் நகப்பூச்சை எடுத்து, பொய் சொல்லும் ஒவ்வொரு கட்டைமேலும் உண்மையைச் சிவப்பில் எழுதினேன். ஃபாபியோ தன்னுடையதற்கு வேறு நிறம் கேட்டார்.

ஒதீலியா அந்தப் பத்து நாள் பதிவுகளை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். இன்னும் ஏழு பெயர்களில் அலை விட்டுப்போயிருந்தது. மாதா கோயில் ஒலிபெருக்கியில் சொல்லி ஏழு பேரையும் வரவழைத்தார். ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு, அவரவர் கண்முன்னே திருத்திக் கொடுத்தார். ஆறு பேர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்கள். ஏழாவது ஆள் வர மறுத்தார். ஆள் அனுப்பியபிறகு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். தேங்காய் வியாபாரி எர்னான் அராஞா. அராஞா என்றால் சிலந்தி.

"செஞோ, என் பொண்ணு பேர் அரானான்னு வந்திருக்கு. கவுரவமான பேரு. அப்படியே விட்டுடுங்களேன்."

"அது தப்பான பேர், எர்னான்."

"எங்க குடும்பத்துல நாலு தலைமுறையா சிலந்தி. பள்ளிக்கூடத்துல என் பைக்குள்ள நெசச் சிலந்தியப் போடுவானுங்க. கல்யாணத்தன்னைக்கு என் மாமனார், மருமகனுக்கு எட்டுக் கால்ல எதுல செருப்புப் போடறதுன்னு கேட்டார். இந்தப் புள்ளையாவது தப்பிச்சுதேன்னு ராத்திரி நிம்மதியாத் தூங்கினேன். கடவுளாப் பாத்துக் குடுத்தது."

"கடவுள் குடுக்கல. கரண்டு போச்சு, நான் மறந்துட்டேன். நாளைக்கு அவளுக்குக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவ. அப்பன் சிலந்தி, பொண்ணு வேற யாரோன்னு வெளிய நிறுத்துவாங்க. பரவாயில்லையா?"

எர்னான் தொப்பியைச் சுற்றிக்கொண்டே யோசித்தார். தெல்ஃபினின் கதை இதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது.

"பதினெட்டு வயசாகட்டும்" என்றார் ஒதீலியா. "அவளுக்கே பிடிக்கலைன்னா அவளே வந்து மாத்திக்கட்டும். சட்டத்துல இடம் இருக்கு. நான் அப்ப ஓய்வுல இருப்பேன். நேவிஸ் மாத்திக் குடுப்பா."

"ரெண்டு வெரல்லயா? பேத்தி பொறந்துருவா அதுக்குள்ள" என்றார் எர்னான்.

நான் முறைத்தேன். அவர் பெருமூச்சு விட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, கட்டைவிரலை என் பக்கம் நீட்டினார். மை தடவி உருட்டினேன். ஒதீலியா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "பொண்ணு தூங்குறாளா ராத்திரியில?" என்று கேட்டார்.

"எங்க தூங்குறா? சுவரெல்லாம் ஏறுவா போலிருக்கு" என்றார் எர்னான். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது தனக்கே உறைத்து, தொப்பியால் வாயை மூடிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.